குதிரைகளைக் கொன்ற கம்பி!
ஹாலிவுட் போர்ப் படத்தில் நடந்த கொடுமை

சினிமாவில் போர்க் காட்சி பார்த்திருப்பீர்கள். பீரங்கி முழங்கும். நாலு கால் பாய்ச்சலில் வரும் குதிரை குப்புற விழும். "அடேயப்பா, என்னமா எடுத்திருக்கான்!" என்று கை தட்டியிருப்பீர்கள்.

விழுந்த குதிரை எழுந்ததா? அதை யாரும் கேட்பதில்லை.

1936-ல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்தில், விழுந்த குதிரைகள் பல எழுந்திருக்கவே இல்லை.

படத்தின் பெயர் "தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்". வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. ஹீரோ எர்ரால் பிளின். டைரக்டர் மைக்கேல் கர்ட்டிஸ்.

நிஜத்தில் நடந்தது

1854 அக்டோபர் 25. கருங்கடல் ஓரம், கிரிமியாவில் உள்ள பாலக்லாவா. ஆங்கிலேயருக்கும் ரஷியருக்கும் சண்டை. மேலே கொடுத்த உத்தரவு கீழே போய்ச் சேருவதற்குள் குழம்பிவிட்டது. 600-க்கும் மேற்பட்ட ஆங்கிலக் குதிரை வீரர்கள், ரஷிய பீரங்கிகளுக்கு நேர் எதிரே பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் மாண்டனர். குதிரைகள் 300-க்கும் மேல் போயின.

படத்தில் கதையையே மாற்றிவிட்டார்கள். சூரத் கான் என்ற சிற்றரசன் இந்தியாவில் படுகொலை செய்தானாம். அவனைப் பழிவாங்கத்தான் இந்தப் பாய்ச்சலாம். அப்படி ஒரு ஆசாமி சரித்திரத்திலேயே கிடையாது. 1857-ல் நடந்த கான்பூர் படுகொலையைப் போன்ற ஒன்றை, 1854-க்கு முன்பே நடந்ததாகக் காட்டினார்கள்.

கதை பொய். பீரங்கிக் குண்டும் பொய். குதிரை விழுந்தது மட்டும் நிஜம்!

கம்பியின் வேலை

எப்படி விழவைத்தார்கள்? குதிரையின் முன்னங்கால்களில் கம்பி கட்டினார்கள். அதை வயிற்றுப் பட்டையில் உள்ள வளையம் வழியாக விட்டு, மறுமுனையைத் தரையில் புதைத்த முளையில் பிணைத்தார்கள். குதிரை வேகமாக ஓடும். கம்பி தீர்ந்ததும் முன்னங்கால் இரண்டும் வெடுக்கென்று இழுபடும். அவ்வளவுதான், தலைகுப்புற விழும்.

மேலே இருக்கும் ஸ்டண்ட் ஆளுக்கு எந்த இடத்தில் விழும் என்று தெரியும். குதித்துத் தப்பப் பார்ப்பான். குதிரைக்கு ஒன்றும் தெரியாது. கழுத்து முறிந்ததும் உண்டு. கால் முறிந்து, சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்டு.

இந்தப் படத்தில் மட்டும் 25 குதிரைகள் பலியானதாகச் சொல்லப்படுகிறது. எர்ரால் பிளின் குதிரைப் பிரியர். ஆத்திரம் அடைந்து டைரக்டருடன் மோதினார். கைகலப்பு வரை போனதாகவும் பேச்சு.

70 அடி உயரம்

அப்போதும் யாரும் திருந்தவில்லை. 1939-ல் "ஜெஸ்ஸி ஜேம்ஸ்" படத்துக்காக, சுமார் 70 அடி உயரப் பாறையில் இருந்து ஒரு குதிரையை ஏரியில் விழவைத்தார்கள். அது செத்தது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள்.

அதன் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1940-ல் அமெரிக்க ஜீவகாருண்ய சங்கம் ஹாலிவுட்டில் ஆபீஸ் திறந்தது. படப்பிடிப்புக்கே ஆள் அனுப்பிக் கண்காணித்தது. கம்பி கட்டுவதற்குத் தடை வந்தது. சைகை கொடுத்தால் மிருதுவான மண்ணில் தானாக விழும்படி, குதிரைகளைப் பழக்கி எடுக்கும் முறை பெருகியது.

நடுவில் 1966-ல் சங்கத்தின் அதிகாரம் போயிற்று. 1980-ல் வந்த "ஹெவன்ஸ் கேட்" படத்தில் குதிரைகள் பலியானதாகப் புகார் கிளம்பியது. அதன் பிறகே கண்காணிப்பு மீண்டும் பலப்பட்டது.

நம் நாட்டில்

நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-ல். அதற்காகப் பாராளுமன்றத்தில் போராடியவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். சினிமாவில் நடிக்கும் மிருகங்களுக்கென்று 2001-ல் தனி விதிகளும் வந்தன. முன்கூட்டியே அனுமதி வாங்காமல் குதிரையை நடிக்கவைக்கக் கூடாது.

ஆனாலும் 2021-ல், ஐதராபாத் பக்கம் ஒரு சரித்திரப் படத்தின் படப்பிடிப்பில் ஒரு குதிரை செத்தது. ஓய்வும் தண்ணீரும் இல்லாமல் வேலை வாங்கினார்கள் என்று புகார். போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள்.

படம் ஆரம்பிக்கும் முன், "மிருகங்களைத் துன்புறுத்தவில்லை" என்று ஒரு வரி ஓடுகிறதே, அப்போது முறுக்கு வாங்கப் போய்விடாதீர்கள். ஒரு நிமிஷம் உட்கார்ந்து படியுங்கள். எத்தனையோ வாயில்லா ஜீவன்கள் உயிரைக் கொடுத்து வந்த வரி அது.