பெயரனும் பிரபவமும்: குடும்ப வரலாற்றுத் தேடலின் முதற்சிக்கல்

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குவோர்க்கு முதலில் கிடைப்பன வீட்டிலுள்ள பழைய பத்திரங்களே. அவற்றில் ஒரு மயக்கம் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். முத்துவின் மகன் வேலன், வேலனின் மகன் முத்து, அம்முத்துவின் மகனும் வேலன் எனத் தலைமகன் வழி தொடருமாயின், தந்தை பெயரைக் கொண்டும் இரு வேலன்களைப் பிரித்தறிய இயலாது. பத்திரங்கள் பலவற்றில் ஆண்டும் 60 ஆண்டுச் சுழற்சிப் பெயராலேயே குறிக்கப்படும். பிரபவ என்பது 1867-68ஆம் ஆண்டுக்கும் பெயர். 1927-28ஆம் ஆண்டுக்கும் அதுவே பெயர். இரு தலைமுறை இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவே. நிலத்தை ஒற்றிவைத்தவர் பாட்டனா, பெயரனா என்பதில் தவறினால் கொடிவழி முழுவதும் பிழைபடும்.

முத்திரைத்தாளாயின் எளிது: விக்டோரியா உருவம் முந்திய சுற்று, ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பிந்திய சுற்று. ஓலையிலும் வெற்றுத்தாளிலும் எழுதியவற்றுக்கு, பலரும் பொருட்படுத்தாத கிழமைக் குறிப்பே துணை. 60 சூரிய ஆண்டுகளில் ஏறத்தாழ 21,915½ நாள்கள் உள்ளன. 7ஆல் வகுக்க 5½ எஞ்சும். ஆகவே பிரபவ ஆண்டு ஆடி 12ஆம் நாள் இரு சுற்றுகளிலும் ஒரே கிழமையில் வாராது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் 'இந்தியன் குரோனாலஜி' (1911) அட்டவணைகளால் எச்சுற்று என்பதைக் கணிக்கலாம். எழுதியவர் கிழமையைப் பிழையாகக் குறித்திருக்கவும் கூடும். திதியும் நட்சத்திரமும் இருப்பின் அவற்றையும் உடன் ஒப்பிடுதல் வேண்டும்.