வீட்டுத் தொட்டியில் விலாங்கு

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பது எம்மவரிடையே நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. இரு பக்கத்தாருக்கும் நல்லவர்போல் நடிப்போரைச் சுட்ட இதனைக் கூறுவர். ஆயின் அப்பழி விலாங்குக்குச் சிறிதும் பொருந்தாது. பூவினாற் சுவாசித்துச் செட்டையால் நீந்தும் அது ஐயத்துக்கிடமின்றி மீனே. கல்லூரி ஆய்வுகூடத்திலே போமலின் நிறைந்த சாடியுள் வெளிறிக் கிடக்கும் விலாங்கைக் கண்டோர் எம்மிற் பலர். உயிருடன் அதனை வீட்டில் வளர்த்துப் பார்த்தோர் மிகச் சிலர். அவ்வாறு வளர்க்க விழையும் மாணவருக்குப் பயன்படுமாறு, யான் பட்டறிந்தவற்றையும் கற்றறிந்தவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

நீண்ட உடலுடைய மீன்கள் யாவும் விலாங்குகள் அல்ல. ஆரலை விலாங்கென மயங்குவோர் பலர். ஆரலின் முதுகிலே சிறு முட்கள் வரிசையாய் நிற்கும்; மூக்கும் கூரியதாய் நீண்டிருக்கும். விலாங்குக்கு அம்முட்கள் இல்லை. முதுகுச் செட்டையும் வாற் செட்டையும் அடிச் செட்டையும் ஒன்றாயிணைந்து நாடாப்போல் ஓடும். இலங்கையின் நன்னீரில் விலாங்கினங்கள் இரண்டு உள. ஒன்று மேனியெங்கும் மறுக்கள் படர்ந்தது. ஆறுகளில் வாழ்ந்து மூன்றடிக்கு மேலும் வளர்வது. மற்றையது மறுவின்றி ஒரு நிறமாயிருப்பது. தாழ்நிலத்து நீர்நிலைகளிலும் கழிமுகங்களிலும் காணப்படுவது.

வளர்ப்போன் முதற்கண் உளங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. விலாங்கு நன்னீரில் வளர்கின்றதேயன்றி நன்னீரிற் பிறப்பதில்லை. அதன் பிறப்பிடம் ஆழ்கடல். இவ்வுண்மை புலப்பட ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. விலாங்கிலே முட்டையைக் காணாத கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், அது சேற்றிலிருந்து தானே தோன்றுவதென எண்ணினார். பிற்காலத்தில் உளவியலிற் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், மாணவராயிருந்த 1876 ஆம் ஆண்டிலே திரியஸ்தே துறைமுகத்தில் ஏறக்குறைய 400 விலாங்குகளை அறுத்து ஆணுறுப்பைத் தேடியும் ஐயந்திரிபற்ற முடிவு காணவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் கிராசியும் கலன்துருச்சியோவும், வேறொரு மீனென அதுவரை கருதப்பட்ட இலைவடிவான கடற்குடம்பி விலாங்கின் இளம்பருவமே எனக் காட்டினர். டென்மார்க்கு அறிஞர் யொகான்னஸ் ஸ்மித் பல்லாண்டுகள் கடலோடி, மேலும் மேலும் சிறிய குடம்பிகளைத் தேடிச் சென்று, ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அத்திலாந்திக்கின் மேற்பாகத்துச் சார்காசோக் கடலென 1922 இல் அறிவித்தார். எமது விலாங்குகளோ இந்து சமுத்திரத்திற் பிறப்பவை. சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடலை அவற்றின் பிறப்பிடமாகக் கருதுவர்.

குடம்பி நீரோட்டத்தில் மிதந்து கரையை அணுகுங்கால் கண்ணாடிபோன்ற சிறு விலாங்காய் உருமாறி, ஆற்றுவாயினூடே உட்புகும். பல்லாண்டுகள் நன்னீரில் வளர்ந்தபின் கண்கள் பெருத்து, வயிறு வெள்ளிபோல் ஒளிர, உண்பதை ஒழித்துக் கடலுக்கு மீளும். அங்கு ஒருமுறையே இனம்பெருக்கி மடியும். ஆகவே எமது தொட்டிக்கு வரும் விலாங்கு நெடும்பயணத்தின் நடுவே தங்கும் வழிப்போக்கனே.

இனித் தொட்டியைப் பற்றிக் கூறுவாம். முக்காலடி நீளமான இளம் விலாங்குக்கும் நான்கடி நீளத் தொட்டி வேண்டும். தொட்டியைவிட மூடியே முதன்மையானது. இதனை யான் இழப்பினாற் கற்றேன். மாணவப் பருவத்தில், வயலருகேயுள்ள வாய்க்காலிற் பிடித்த விலாங்குக் குஞ்சொன்றைத் தொட்டியிலிட்டு, மேலே ஒரு பலகையை மட்டும் வைத்தேன். காற்றுக்குழாய் செல்ல ஈரங்குல இடைவெளியும் விட்டேன். மாரிகால இரவொன்றில் அது காணாமற் போயிற்று. இரண்டாம் நாள் என் பாட்டியார் கூட்டும்போது, நெற்பெட்டியின் பின்னாற் புழுதி படிந்து உலர்ந்து கிடந்த அதனைக் கண்டெடுத்தார். "வாயில்லாச் சீவனைக் கொண்டுவந்து கொன்றுபோட்டாயே" என்று அவர் சொன்ன சொல் இன்றும் என் செவியில் நிற்கின்றது. விலாங்கு தோலினாலும் சுவாசிக்க வல்லது. ஈரமான இரவிலே புற்றரையைக் கடந்தும் செல்லும். உலர்ந்த சீமந்துத் தரையிலோ அத்தோலே அதற்குக் கூற்றாகும். ஆதலின் மூடியை இறுகப் பொருத்திப் பாரமும் வைத்து, குழாய் புகும் துளையைச் சுற்றிப் பஞ்சினால் அடைத்தல் வேண்டும்.

தொட்டியின் அடியிலே மெல்லிய மணலைப் பரப்புக. கூரிய கல் அதன் தோலைக் கிழிக்கும். இருபுறமுந் திறந்த குழாயொன்றை இடுக. பகல் முழுதும் அதனுள் ஒளிந்திருக்கும். கிணற்று நீர் நன்று. ஆயினும் அதில் ஒட்சிசன் குறைவாதலின் காற்றுப்பம்பியை இயக்கியபின்பே மீனை விடுதல் வேண்டும். குழாய்நீராயின் குளோரீன் நீங்கப் பகலும் இரவும் திறந்து வைக்க. வாரந்தோறும் நீரிற் காற்பங்கை மாற்றுக. விலாங்கைத் தனியே வளர்த்தலே தகும். சிறு மீன்களை உடன் விடின் அவை இரையாகும்.

உணவு அந்திப்பொழுதிற்குரியது. மண்புழு, இறால், மீன்துண்டு என்பவற்றை விரும்பி உண்ணும். கண்பார்வையிலும் மோப்பமே அதற்குப் பெருந்துணை. புதிதாய் வந்தது சில வாரங்கள் உண்ணாதிருப்பினும் அஞ்சற்க. எஞ்சிய இரையை மறுநாட் காலையில் அகற்றுக. உலர்ந்த கையால் அதனைப் பற்றலாகாது. உடலைக் காக்கும் வழுவழுப்பு நீங்கிவிடும். நனைந்த வலையே ஏற்றது.

இவ்வாறு பேணின் விலாங்கு நெடுநாள் வாழும். சுவீடனில் எல்சிங்போர்க் அருங்காட்சியகத்தில் வளர்க்கப்பட்ட விலாங்கொன்று 1948 இல் இறந்தபோது அதன் வயது 80 ஐக் கடந்திருந்ததென்பர். எனினும் நீண்ட வாழ்வு வேறு, நிறைந்த வாழ்வு வேறு. தொட்டியிலுள்ள விலாங்கு கடலைக் காணாது, இனம்பெருக்காது. ஆதலின் எமது நீர்நிலையிற் பிடித்ததை இரண்டொரு பருவம் வளர்த்து அவதானித்தபின், பிடித்த அவ்விடத்திலேயே விட்டுவிடுவது எம் கடன்.

அதற்கும் ஒரு நிபந்தனையுண்டு. கடையில் வாங்கிய பிறநாட்டு மீனோடு ஒருபோதும் ஒரே நீரில் வளர்க்கப்படாததையே ஆற்றில் விடலாம். 1980 களின் தொடக்கத்திற் கிழக்காசிய விலாங்குகளோடு ஐரோப்பாவுக்குச் சென்ற ஒட்டுண்ணிப் புழுவொன்று அங்குள்ள விலாங்குகளின் காற்றுப்பையைத் தாக்கிப் பரவிற்று. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் நிற்பதாக 2008 இல் அறிவிக்கப்பட்டது. அணைக்கட்டு, மிகைப்பிடிப்பு முதலிய காரணங்களோடு இப்புழுவும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. கடையில் வாங்கிய விலாங்கையோ இறுதிவரை வளர்ப்பதே முறை. சரணாலயத்து நீர்நிலைகளிற் பிடித்தல் சட்டத்துக்கு மாறானது என்பதையும் மறவற்க.

பின்னாளில் யான் நான்காண்டு வளர்த்த விலாங்கொன்றை, மாரி நீர் பெருகிய ஒரு மாலையில் பழைய வாய்க்காலிலேயே விட்டேன். வாளியைச் சரித்ததும் ஒருமுறை வளைந்தது. பின்னர் கலங்கிய நீரிற் கரந்தது. மாணவர்களே, விலாங்கை வளர்க்க விரும்பின் மூன்று பொருள்களைத் தேடுங்கள்: பாரமான மூடி, நாள்தோறும் குறிப்பெழுத ஒரு கொப்பி, உரிய நாளில் அதனை விட்டுவிடும் மனம். முதலிரண்டையும் கடையில் வாங்கலாம்.