வாசல்களை எண்ணுவோம்

ஒரு மழைக்காலத்தில் குடும்பத்தோடு பொன்முடிக்குப் போகும் வழியில் கல்லாற்றில் இறங்கினோம். உருண்டைக் கற்களுக்கு நடுவே தெளிந்த நீர். பேரன் கால் நனைக்க ஓடினான். கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "மோனே, கேறி வா! மலையில் மழயாணு" என்று சத்தம் போட்டார். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில்! ஆனாலும் ஏறிவிட்டோம். சற்று நேரத்தில் நீர் கலங்கிப் பெருகி, நாங்கள் நின்ற கற்களை மூடிவிட்டது.

கணினிப் பாதுகாப்பிலேயே காலம் கழித்தவன் நான். அந்தப் பெரியவர் செய்ததைத்தான் எங்கள் துறையில் 'த்ரெட் இண்டெலிஜென்ஸ்' என்பார்கள். அச்சுறுத்தல் உளவு என்று நாம் சொல்லலாம்.

ஒரு நிறுவனத்தில் இணையம் வழியாக வெளியாள் தொடக்கூடியவை அனைத்தும் சேர்ந்ததே அதன் புறத் தாக்குதல் பரப்பு. வலைத்தளம், மின்னஞ்சல், வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்த வி.பி.என். எல்லாமே வாசல்கள்தாம். தலைவாசலைப் பூட்டுவோம், கொல்லைக் கதவை மறந்துவிடுவோம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சோதனைக்காகத் தொடங்கிய சர்வர் ஒன்று மூன்று வருடம் இணையத்தில் திறந்தே கிடந்தது. யாருடைய பட்டியலிலும் அது இல்லை! ஆகவே முதல் வேலை, திருடனைப் போல வெளியே நின்று நம் வாசல்களை எண்ணுவது.

எண்ணினால் ஓட்டைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். எதை முதலில் அடைப்பது? திருடர்கள் இப்போது எதைத் தட்டுகிறார்களோ அதை. இதற்கு உதவுவதே உளவு. அமெரிக்காவின் சைசா அமைப்பு, உண்மையில் தாக்கப்பட்டு வரும் ஓட்டைகளின் பட்டியலை 2021 நவம்பர் முதல் வெளியிடுகிறது. யாரும் பார்க்கலாம்.

நமக்கு அருகிலுள்ள கூடங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு கணினியில் தீநிரல் புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று கவனித்துச் சொன்னது, வெளியே இருந்த செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு. அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்தபோது அணுமின் நிலையம் முதலில் மறுத்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி என்றும், முக்கியமான உள்வலை அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது என்றும் விளக்கியது. ஆய்வாளர்கள் அந்தத் தீநிரலை 'டிட்ராக்' என்று அடையாளம் கண்டார்கள். இந்திய நிதி நிறுவனங்களில் டிட்ராக் உலவுவதாகக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அந்தச் செப்டம்பரிலேயே எழுதியிருந்தது. மலையில் மழை பெய்வதைச் சொல்ல ஆள் இருந்தது!

2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அன்பர்களே, நம் சங்கத்திலும் உறுப்பினர் பட்டியல் கணினியில்தான் இருக்கிறது. வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகளின் பெயர் எல்லாம் அதில் உண்டு. பதவி முடிந்து போன செயலாளரிடம் இன்னும் அதன் கடவுச்சொல் இருக்கிறதா? பழைய வலைத்தளத்தை மூடினோமா? அடுத்த செயற்குழுவில் இதைக் கேளுங்கள். வெள்ளம் வந்த பிறகு கரையேற முடியாது.