சித்திரக்கதையில் மருத்துவ மெய்ம்மை

கதைக்குக் கற்பனை அழகு சேர்க்கும். ஆயினும், உயிர்காக்கும் மருந்தைப் பற்றிய கதையில் மெய்ம்மை எங்கு முடிகிறது, கற்பனை எங்குத் தொடங்குகிறது என நாம் அறிதல் வேண்டும். 'மங்கா' என ஜப்பானியர் வழங்கும் சித்திரக்கதைகளுள், முராகாமி மோட்டோகா 2000 முதல் 2010 வரை படைத்த 'ஜின்' இவ்வகையில் ஆராயத்தக்கது.

இக்கால மூளை அறுவை மருத்துவர் ஒருவர், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகருக்கு, 1862ஆம் ஆண்டிற்குச் சென்றுவிடுகிறார். அங்கே பூஞ்சணத்தை வளர்த்துப் பெனிசிலின் ஆக்குகிறார். இஃது இயலுமா?

அடிப்படை மெய்யே. பெனிசிலியம் என்னும் பூஞ்சணத்தின் சாறு சில நோய்க்கிருமிகளை ஒடுக்குவதை அலெக்சாண்டர் பிளெமிங் 1928இல் கண்டார். ஆனால், நீலப் பூஞ்சணம் அனைத்தும் மருந்தாகா. தூய்மையற்ற சாறு ஊறும் விளைக்கும்.

பெருந்தடை, மருந்தின் அளவே. 1941இல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குப் பெனிசிலின் செலுத்தினர். அவர் உடல் தேறிவந்த வேளையில் மருந்து தீர்ந்தது. அவரது சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை, அவர் இறந்தார். வசதிமிக்க ஆய்வுக்கூடமே ஒருவருக்குப் போதுமான மருந்தை அன்று ஆக்க இயலவில்லை. எனின், எடோவில் பலருக்கு ஆக்கியது கதையின் உரிமையேயாகும்.

மருந்தை அறிதல் வேறு. நோயாளிக்குப் போதுமான அளவில் ஆக்குதல் வேறு. அவ்விடைவெளியில் உழைத்தோரை மறவாமல் படிப்பின், இக்கதை நமக்கு நல்லாசானாகும்.