உங்களுக்குத் தெரியுமா? கரைத்தீவிலிருந்து ஓர் ஒன்லைன் கடை

இணையப் பக்கம் எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் உரிமைப் பணம் கட்டவும் வேண்டாம். இது தானாக அமைந்ததல்ல. டிம் பேர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையின் மென்பொருளை 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் ஆய்வுகூடம் எல்லோருக்கும் உரியதென எழுத்தில் விட்டுக்கொடுத்தது. புத்தளம் கரைத்தீவில் இருந்து கருவாடு விற்க நினைப்பவரும் நியூயோர்க்கின் பெரிய கம்பனியும் ஒரே மொழியில் பக்கம் எழுதுவது அதனால்தான்.

*

அந்த மொழிதான் எச்டிஎம்எல். 1991இல் பேர்னர்ஸ்-லீ எழுதிவைத்த அதன் விவரக் குறிப்பில் இருந்த குறிகள் வெறும் 18. படம் போடும் குறிகூட அதில் இல்லை. இன்று அவை நூறைத் தாண்டிவிட்டன. ஆனாலும் ஒரு பொருளை விற்கும் பக்கத்துக்குத் தலைப்பு, பத்தி, படம், பட்டியல், இணைப்பு, ஓடர் படிவம் இருந்தால் போதும். முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் கடை திறப்பேன் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வருந்துகிறது. முதல் பக்கத்துக்கு வேண்டியது அவ்வளவு பெரிதல்ல.

*

தனி ஆளாகக் கற்றுக் கடை கட்டியவர்களில் நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் டெரெக் சிவர்ஸ். அமெரிக்க இசைக் கலைஞர். 1997இல் தன் சொந்த இசைத்தட்டை இணையத்தில் விற்கப் பார்த்தார். பெரிய ஒன்லைன் கடைகள், விநியோகக் கம்பனி வழியாக வந்தால்தான் எடுப்போம் என்றன. சரி, நானே விற்கிறேன் என்று இறங்கினார். பேபால் அப்போது பிறக்கவே இல்லை. கடன் அட்டையில் பணம் வாங்கும் வங்கிக் கணக்குக்கு 1,000 டொலர் கட்டணம், மூன்று மாதக் கடதாசி வேலை. உண்மையான வியாபாரம்தானா என்று பார்த்துவர வங்கி ஆளையும் அனுப்பியது. நிரல் எழுதத் தெரியாத அவர், புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதி, பிழைபட்டு, திருத்தி, கடைசியில் "வாங்கு" என்ற ஒரு பொத்தானை இயங்க வைத்தார். நண்பர்கள் தங்கள் தட்டுகளையும் விற்றுத் தரச் சொன்னார்கள். அதுதான் சீடி பேபி. 2008இல் அது 2 கோடியே 20 இலட்சம் டொலருக்குக் கைமாறியது.

அந்தத் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பொத்தான். அவர் கற்றது தனக்கு அன்று தேவைப்பட்டதை மட்டும்தான்.

*

ஷொப்பிஃபை என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் ஒரு சிறு கடையில் தொடங்கியதே. டோபி லூட்கே 2004இல் கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு தளம் எழுதினார். கிடைத்த மென்பொருள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. 2006இல் அந்தத் தளத்தின் மென்பொருளே ஷொப்பிஃபை என்ற பெயரில் சரக்காகிவிட்டது.

*

இது நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. இலங்கையில் பல ஆண்டுகளாகத் தமிழ் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். பாமினியில் "கருவாடு" என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எஃப், பெரிய யூ, டி, எச், பெரிய எல் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். தமிழ் முகம் நம் கண்ணுக்கு மட்டும். அந்த எழுத்துரு இல்லாத போனில் வாசகர் காண்பது பொருளற்ற ஆங்கிலக் கோவை. கூகுளுக்கும் அதுவே கிடைக்கிறது, ஆகவே "கருவாடு" என்று தேடுபவருக்கு உங்கள் கடை வராது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுத் தரமான யுனிகோடில் தமிழுக்கு 1991இன் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. பழைய விலைப்பட்டியல், துண்டுப்பிரசுரம் எல்லாம் பாமினியில் கிடக்கிறதா? தளத்தில் ஏற்றுமுன் யுனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் நிறைய உண்டு.

*

ஓடர் கிடைத்தது என்று வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்களா? ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் நாம் எண்ணுவதுபோல் அது எண்ணாது. "கருவாடு" நமக்கு நாலு எழுத்து. குறுஞ்செய்திக் கணக்கில் ஏழு, ஏனென்றால் உகரக் குறி இரண்டும் கால் குறியும் தனித்தனியாகச் சேரும்.

*

கரைத்தீவுக்காரர் ஓடர் படிவத்தில் மாவட்டத்துக்குத் தனிக் கட்டம் வைக்காமல் இருக்கவே கூடாது. சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு அம்பாறை மாவட்டத்தில். யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முன்னாளில் காரைதீவு என்றே வழங்கியது. நம்முடையது புத்தளம் மாவட்டம், வண்ணாத்திவில்லுப் பக்கம். தமிழில் ஓரிரு எழுத்து வேறுபாடாவது உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அதுவும் போய்விடும். திருப்பி அனுப்பும் பொதியோ கூரியர்காரரோ நாட்டின் மறுகரைக்குப் போய்ச் சேர அது போதும். 25 மாவட்டங்களையும் ஒரு தெரிவுப் பட்டியலாக வைப்பது எச்டிஎம்எல்லில் சின்ன வேலை. கூடவே தபால் குறியீடு, வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளிவாசலோ பாடசாலையோ எழுத ஒரு வரி, தொலைபேசி எண். நம் ஊர்களில் பொதி சேர்வது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டால்தான்.

*

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை இணையத்தோடு வந்ததல்ல. இந்தியத் தபால்துறை 1877இலேயே வி.பி.பி. என்ற பெயரில் அதைத் தொடங்கிவிட்டது. புத்தகங்களும் மருந்துகளும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின. இன்றும் இலங்கையில் முகம் தெரியாத சிறு கடையை நம்ப வைக்கும் வழி இதுவே. ஆனால் வாங்க மறுத்துத் திரும்பி வரும் பொதியின் செலவு கடைக்காரர் தலையில். அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பு அந்த இழப்பைப் பெரிதும் குறைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்க விரும்பினால் அட்டை வழி வேண்டும். பேபால் பல ஆண்டுகளாக இலங்கைக் கணக்குகளைப் பணம் அனுப்ப விட்டது, பெற விடவில்லை. அந்த இடைவெளியில்தான் பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டண வாயில்கள் வளர்ந்தன. இத்தகைய சேவைகள் பொதுவாக வியாபாரப் பெயர்ப் பதிவைக் கேட்கும். அதற்காகப் பிரதேச செயலகத்துக்கு முன்கூட்டியே ஒருமுறை போய்வருவது நல்லது.

*

சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் வரும் பூட்டுச் சின்னத்துக்கு இப்போது பணம் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதற்கான பாதுகாப்புச் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது.

*

தளத்தின் முகவரியையே தமிழில் வைக்கலாம். ".இலங்கை" என்ற முடிவு 2010இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

*

போனில் எடுத்த ஒரு படம் மூன்று, நான்கு எம்பி இருக்கும். பத்துப் பொருளை அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்காது, வாங்க வந்தவர் போய்விடுவார். அகலத்தை 1,000 பிக்சல் அளவுக்குக் குறைத்து, கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். எல்லாத் திரைக்கும் தானாகப் பொருந்தும் வடிவமைப்பை வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் பெயரிட்டு விளக்கியதும் அதே 2010இல்தான். போனில் சரியாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள், கணினியில் பிறகு.

*

படிக்க எங்கே போவது? 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் முழுவதும் இலவசம். மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் தொடக்கநிலை வலை வடிவமைப்பை இணையத்தில் இலவசமாகக் கற்பிக்கிறது. நிரல் எழுதாமல் தொடங்க விரும்பினால் 2003இல் வந்த வேர்ட்பிரஸும் அதன்மேல் 2011இல் வந்த வூகொமர்ஸும் உள்ளன. இரண்டும் இலவச மென்பொருள். செலவு தளத்தின் பெயருக்கும் அதை வைக்கும் இடத்துக்கும் மட்டும்.

*

சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சில சரக்கு கிடைக்காது. அப்போது அந்தப் பொருளின் பக்கத்தை அழித்துவிடாதீர்கள். அழித்தால் தேடுபொறி அந்த முகவரியை மறந்துவிடும், வட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்களின் இணைப்பும் அறுந்துபோகும். "இப்போது இருப்பில் இல்லை" என்று போட்டு, சரக்கு வந்ததும் அறிவிக்கத் தொலைபேசி எண் கேட்கும் ஒரு கட்டத்தை அங்கே வையுங்கள். அடுத்த பருவத்தின் முதல் ஓடர்கள் அந்தக் கட்டத்தில் சேர்ந்த எண்களிலிருந்து வரும்.