படு மட்டம், ஆனால் வாங்கலாம்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் தள்ளுபடிக் காலம் வந்தால் ஸோம்பிகளின் விலையும் இறங்கிவிடும். ஐந்து ரிங்கிட், நான்கு ரிங்கிட், சில சமயம் அதற்கும் கீழே. ஜொகூர் பாரு மாமாக் கடையில் இரண்டு தே தாரிக் குடிக்கும் காசுக்குக் கையில் ஒரு துப்பாக்கியும் எதிரே ஐம்பது பிணங்களும் கிடைக்கும். ஐம்பதுக்கும் ஒரே முகம். சுட்டால் சில விழும், சில சுவருக்குள் மாட்டிக்கொண்டு கையை ஆட்டும். ஆனால் அந்த விளையாட்டின் பக்கத்தில் ஆடியவர்களின் கருத்துகளைப் பார்த்தால், பத்தில் ஏழு பேர் நீலக் கட்டைவிரலை உயர்த்தியிருப்பார்கள். அதே விலை, அதே தரம், அதே பிணம் உள்ள இன்னொரு விளையாட்டில் சிவப்புக் கட்டைவிரல் குவிந்து கிடக்கும்.

இரண்டையும் ஆடியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள்தான். தீர்ப்பு மட்டும் ஏன் மாறுகிறது?

முதலில், ஏன் எப்போது பார்த்தாலும் ஸோம்பி என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு சுடும் விளையாட்டில் எழுதக் கடினமானது எதிரியின் புத்தி. மனித எதிரி என்றால் அவன் மறைந்துகொள்ள வேண்டும், கூட்டாளியைக் கூப்பிட வேண்டும், அடிபட்டால் பின்வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிரல் எழுத வேண்டும். எங்காவது பிசகினால் ஆடுபவர் சிரித்துவிடுவார். ஸோம்பியிடம் இந்தத் தொல்லை இல்லை. ஆடுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நேராக நடந்து வந்து கடித்தால் போதும். வழி கண்டுபிடித்து நடக்கும் நிரலை யூனிட்டி, அன்ரியல் போன்ற எஞ்சின்கள் தயாராகவே தருகின்றன. பிணத்துக்கு வசனம் கிடையாது, ஆகவே குரல் நடிகருக்குச் சம்பளம் கிடையாது. நடை கோணலாக இருந்தால் பிணம் பின்னே எப்படி நடக்கும் என்று கேட்டுவிடலாம். கதை இருட்டில் நடப்பதால் சுவரின் அழகையும் யாரும் விசாரிக்கப் போவதில்லை.

இந்த மலிவு ஸோம்பியின் கூடப் பிறந்தது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ சுமார் 1,14,000 டாலரில் முடிந்த படம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டது. சூப்பர்மேனைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், ஸோம்பியைத் தொட்டால் கேட்க ஆளில்லை. மலேசியாவில் மாமாட் காலிட் 2007-இல் ‘ஸோம்பி கம்போங் பிசாங்’ எடுத்ததும், தமிழில் 2016-இல் ‘மிருதன்’ வந்ததும் இந்தப் பொதுநிலத்தில் நின்றுதான்.

நிலம் இலவசம். பிறகு கருவிகளும் இலவசமாயின. யூனிட்டியின் காசில்லாப் பதிப்பு 2009-இலும், உருவங்களையும் துப்பாக்கிகளையும் கட்டடங்களையும் தனித்தனியாக விற்கும் அதன் அங்காடி 2010-இலும் வந்தன. அன்ரியல் 2015-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அங்காடியில் ஸோம்பி ஒன்று, துப்பாக்கி ஒன்று, பாழடைந்த ஊர் ஒன்று வாங்கி, உடன் வரும் மாதிரி நிரலோடு சேர்த்து வேறு பெயரில் விற்றுவிடலாம். ஆட்டக்காரர்கள் இதை ‘அசெட் ஃபிளிப்’ என்று திட்டுகிறார்கள்.

விற்கும் கதவும் படிப்படியாக அகலமானது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2012-இல் கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. எந்த விளையாட்டு கடைக்கு வரலாம் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். 2017 ஜூனில் அதை மூடிவிட்டு, விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்றார்கள். 2013-இல் ஆண்டுக்குச் சில நூறாக இருந்த புதுவரவு 2024-இல் 18,000-ஐத் தாண்டியது. நடுவே ஒரு விசித்திரமான தொழிலும் நடந்தது. விளையாட்டை ஓட விட்டால் ‘டிரேடிங் கார்டு’ என்ற மின் அட்டைகள் விழும், அவற்றைச் சில சென்னுக்கு விற்கலாம். அட்டைக்காகவே விளையாட்டுகளைச் செய்து, ஆட ஆள் இல்லாமல் கணினி நிரல்களையே ஆட வைத்து, அதிலும் காசு பார்த்தார்கள். 2017 செப்டம்பரில் சிலிக்கான் எக்கோ என்ற ஒரே குழுவின் 173 விளையாட்டுகளை வால்வ் ஒரேயடியாக நீக்கியது.

இந்தக் குவியலில் எதைத் தொடுவது என்று சொல்ல வந்ததுதான் 2013 நவம்பரில் தொடங்கிய கருத்து முறை. இதில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், பத்துக்கு ஆறு மதிப்பெண் என்பதெல்லாம் இல்லை. ஒரே கேள்வி: மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா? ஆம் அல்லது இல்லை. எழுபதிலிருந்து எண்பது விழுக்காட்டுக்குள் ஆம் என்றால் ‘பெரும்பாலும் சாதகம்’ என்று ஸ்டீம் எழுதும். நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டால் ‘கலவை’.

விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ‘நல்ல விளையாட்டா?’ என்று கேட்டிருந்தால் அந்த ஒரே முகப் பிணங்களுக்கு யாரும் ஆம் சொல்ல மாட்டார்கள். ‘பரிந்துரைப்பீர்களா?’ என்று கேட்கும்போது விலையும் கணக்கில் ஏறிவிடுகிறது. இருநூறு ரிங்கிட் விளையாட்டு ஒரு முறை நின்றுபோனாலும் ஆட்டக்காரர் கொதிப்பார். நான்கு ரிங்கிட் விளையாட்டு மூன்று முறை நின்றுபோனாலும், நண்பர்கள் நால்வர் அழைப்பில் இருந்து சிரித்துக்கொண்டே ஆடியிருந்தால், “இந்த விலைக்கு ஓகே லா” என்று கட்டைவிரல் உயர்ந்துவிடும். எழுபது விழுக்காடு என்பதைத் தேர்வு மதிப்பெண்ணாகப் படிப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். பத்துப் பேரில் ஏழு பேர் போட்ட காசுக்காக வருந்தவில்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

கருத்துக்குப் பக்கத்தில் ஆடிய நேரம் இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். பதினைந்து நிமிடம் ஆடிவிட்டு ‘காவியம்’ என்று எழுதுபவர் கிண்டல் செய்கிறார். நாற்பது மணி நேரம் ஆடிவிட்டுக் ‘குப்பை’ என்று எழுதுபவரும் முழு உண்மை சொல்லவில்லை. குப்பையில் அவ்வளவு நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். கருத்துகளுக்கு ‘வேடிக்கை’ என்ற முத்திரையும் குத்தலாம் என்பதால் மட்டமான விளையாட்டுகளின் கீழே நகைச்சுவைப் போட்டியே நடக்கும். தமிழில் எழுதலாம், தடையில்லை. ஆனால் கருத்துகளுக்கான ஸ்டீமின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லாததால் அது வேறொரு மொழியின் கணக்கில் போய்ச் சேரும்.

சிவப்புக் கட்டைவிரல் எப்போது குவியும் என்பதற்கு 2014 இறுதியில் வந்த ‘தி ஸ்லாட்டரிங் கிரவுண்ட்ஸ்’ நல்ல உதாரணம். அமெரிக்காவின் டிஜிட்டல் ஹோமிசைட் என்ற சிறு நிறுவனம் செய்த மலிவான ஸோம்பி விளையாட்டு அது. வாங்கிய உருவங்களை ஒட்டுப்போட்டு, அவசரத்தில் செய்த வேலை என்பது பார்த்தவுடனே தெரியும். ஜிம் ஸ்டெர்லிங் என்ற பெயரில் அறியப்பட்ட விமர்சகர் அதை ஆடிக் காட்டி, அவ்வாண்டின் மிக மோசமான விளையாட்டுக்கான போட்டியில் இதுவும் உண்டு என்றார். இத்தோடு போயிருந்தால் அந்த ஆண்டின் நூற்றுக்கணக்கான மட்டமான விளையாட்டுகளில் ஒன்றாக அதுவும் மறந்து போயிருக்கும்.

நிறுவனம் விடவில்லை. விமர்சகரையே விமர்சித்துப் பதில் காணொளி போட்டது. காப்புரிமைப் புகார் கொடுத்து அவருடைய காணொளியை இறக்க வைத்தது. குறை எழுதிய ஆட்டக்காரர்களோடு மல்லுக்கு நின்றது. 2016 மார்ச்சில் அரிசோனா நீதிமன்றத்தில் ஸ்டெர்லிங்கிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் நட்ட ஈடு கேட்டு அதன் நிறுவனர்களில் ஒருவர் வழக்குப் போட்டார். அதுவும் போதாமல் அவ்வாண்டு செப்டம்பரில், பெயர் தெரியாத 100 ஸ்டீம் பயனர்கள் மீது 1.8 கோடி டாலருக்கு இன்னொரு வழக்கு. அவர்கள் யார் என்ற விவரத்தை வால்விடமிருந்து பெறும் முயற்சியும் நடந்தது. தன் வாடிக்கையாளர்களிடம் பகைமை காட்டுகிறது என்று சொல்லி, வால்வ் அந்த நிறுவனத்தின் எல்லா விளையாட்டுகளையும் கடையிலிருந்து எடுத்துவிட்டது. பயனர்கள் மீதான வழக்கு அந்த மாதத்திலேயே முடிந்தது. ஸ்டெர்லிங் மீதானது 2017 பிப்ரவரியில் மீண்டும் தொடுக்க முடியாதபடி தள்ளுபடியானது.

இதற்கு நேர் எதிர் அனுபவம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது. 2009-இல் எக்ஸ்பாக்ஸில் ஜேம்ஸ் சில்வா ஒரு டாலருக்கு ஒரு ஸோம்பி விளையாட்டை விட்டார். ‘நான் ஒரு கேம் பண்ணினேன், அதில் ஸோம்பி இருக்கு’ என்பதைப் பள்ளிப் பையன் எழுத்துப்பிழையோடு எழுதியது போன்ற பெயர். மேலிருந்து பார்க்கும் கோணம், கூட்டம் கூட்டமாக வரும் பிணங்கள், பின்னணியில் விளையாட்டையே கேலி செய்யும் ஒரு பாட்டு. அவ்வளவுதான் சரக்கு. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. பெயரிலேயே தன் வறுமையை ஒப்புக்கொண்ட விளையாட்டை எந்த ஆட்டக்காரர் குறை சொல்வார்? ஸோம்பி அல்லாத கதையில், 2021-இல் மூன்று டாலருக்கு வந்த ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’ விலைக்கு வாங்கிய படங்களோடுதான் தொடங்கியது. 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா அதைச் சிறந்த விளையாட்டு என்றது. வாங்கிய உருவம் என்பது தனியாக ஒரு குற்றமில்லை. முன்னோட்டப் படத்தில் நகரத்தைக் காட்டிவிட்டு உள்ளே நான்கு சுவரை மட்டும் வைத்திருப்பதும், கேட்டால் கருத்தை அழிப்பதும்தான் ஆட்டக்காரர்களுக்கு ஆத்திரமூட்டுகிறது.

ஜொகூரில் ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கருத்தெல்லாம் சொல்ல வழியே இல்லை. நகரத்துப் பேரங்காடிகளில் திருட்டு வட்டுகள் அடுக்கிக் கிடந்த காலத்தில் பத்துக் கோடி செலவழித்த விளையாட்டுக்கும் பத்து நாளில் செய்ததற்கும் ஒரே விலை. அந்த வரிசையில் மலிவான விளையாட்டு என்று தனியாக ஒன்று இருக்க முடியாது, எல்லாமே மலிவு. பரிந்துரை என்பது கடைக்காரர் வாயில் வருவது. ஓடவில்லை என்று திரும்பக் கொண்டுபோனால், கடை அதே இடத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். சட்டப்படி வாங்கும் விளையாட்டுக்கு ரிங்கிட் விலை வந்த பிறகுதான் ‘இந்த விலைக்குத் தகுமா’ என்ற கேள்வியே இங்கு பிறந்தது.

அந்த விலை எல்லைக்கு அப்பால் வேறு. ஸ்டீம் நாட்டுக்கு நாடு தனி விலை வைக்க விடுகிறது. மலேசியாவில் ரிங்கிட், சிங்கப்பூரில் வெள்ளி. ஜொகூரில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாகப் பாலத்தில் போய்வரும் ஆட்டக்காரர் நினைத்தபோதெல்லாம் மலிவான பக்கத்துக்குக் கணக்கை மாற்ற முடியாது; மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நாட்டை மாற்றலாம் என்று 2021-இலேயே கெடுபிடி வந்துவிட்டது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு மலேசியா 2020 முதல் விதித்த 6 விழுக்காட்டு வரியும் 2024 மார்ச்சில் 8 ஆனது.

ஆட்டக்காரரின் கருத்துக்கு மேலே அரசின் கருத்து என்று ஒன்று உண்டு என்பதையும் இங்குள்ளவர்கள் பார்த்துவிட்டார்கள். 2017 செப்டம்பரில் ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்ற சிறு விளையாட்டு ஸ்டீமில் வந்தது. புத்தர், இயேசு, ஸியூஸ் என்று தெய்வங்களும் மகான்களும் மோதிக்கொள்ளும் குஸ்தி. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதை நீக்க 24 மணி நேரம் கொடுத்தது. கெடு தாண்டியதும் முடக்கப்பட்டது அந்த ஒரு விளையாட்டு மட்டுமல்ல, மொத்த ஸ்டீம் கடையும். ஜொகூரின் ஸ்கூடாயிலும் மாசாயிலும் பக்கம் திறக்கவில்லை. நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் திறந்தது. மலேசியருக்கு அந்த விளையாட்டைக் காட்டுவதை நிறுத்திய பிறகு, ஏறக்குறைய ஒரு நாளில் தடை விலகியது. பெரும்பாலோர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு மலிவு விளையாட்டு அந்த வாரம் பத்திரிகைத் தலைப்புக்கு வந்துவிட்டது. எந்த விளம்பரத்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

ஐந்து ரிங்கிட் ஸோம்பியை வாங்கித்தான் பார்ப்போமே என்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. 2015 ஜூன் முதல் ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்கலாம்: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் கொடுப்பார்கள். இந்த இரண்டு மணி நேரக் கணக்கால் சின்ன விளையாட்டுகளைச் செய்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. முழுக் கதையையும் ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிட்டு, நீலக் கட்டைவிரலையும் உயர்த்திவிட்டு, காசைத் திருப்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய வாலட் அட்டையால் பணம் கட்டியிருந்தால் திரும்ப வருவது ஸ்டீம் வாலட்டுக்குத்தான். அதை ரொக்கமாக வெளியே எடுக்க வழியில்லை, அடுத்த விளையாட்டு வாங்கலாம்.