நஞ்சைக் காட்டும் ஒளிப்பூ

போர்முனைக்குச் செல்லாமலேயே போரினால் உடல் கெட்ட பெண்கள் உண்டு. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் குண்டுத் தொழிற்சாலைகளில் டி.என்.டி. என்னும் வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாயிற்று. "கேனரிப் பெண்கள்" என்றே அவர்களை அழைத்தனர். சிலர் ஈரல் கெட்டு மாண்டனர். டி.என்.டி. வெடிமருந்து மட்டுமன்று, நஞ்சும் ஆகும். மண்ணிலும் நீரிலும் இம்மியளவு கலந்திருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் அடையாற்றுக்கு அருகிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் பிரதீப்பின் ஆய்வுக்குழு 2012இல் இதற்கு அழகியதொரு விடை கண்டது.

தோழியரே, தியாகராய நகர்க் கடைகளில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின்கீழ்ப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டின் எண்கள் பளிச்சிடும். கண்ணுக்குப் புலப்படாத ஒளியை வாங்கிக்கொண்டு, புலப்படும் நிறமாக உமிழ்வதே உடனொளிர்தல். நம் சமையலறை மஞ்சள்தூளும் அவ்விளக்கில் ஒளிரும். வெள்ளிக் கொலுசு ஒளிராது. பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவே. ஆனால் அதே வெள்ளியைப் பதினைந்தே அணுக்கள் கொண்ட கொத்தாக்கி ஒரு புரதத்தினுள் பொதிந்து வைத்தால், செந்நிறமாக ஒளிர்கிறது! அளவு நுண்ணியதானதும் குணமே மாறிவிடுகிறது. நேனோ விஞ்ஞானத்தின் வியப்பெல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஆய்வாளர்கள் பொன்னைப் பூவடிவில் வளர்த்தனர். தலைமயிரின் தடிமனைவிடச் சிறிய பூ அது. அதன்மேல் பச்சைச் சாயம் கலந்த சிலிக்காப் பூச்சு. அதற்கும் மேலே வெள்ளிக் கொத்துகள். டி.என்.டி. வந்து புரதத்தின் அமினோ தொகுதிகளைப் பற்றிக்கொண்டதும் செவ்வொளி அவிகிறது. அடியிலிருந்த பச்சை வெளிப்படுகிறது. நுண்ணோக்கியில் பார்ப்பவர் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு பூவுக்குச் சுமார் அறுநூறு மூலக்கூறுகளுக்கும் குறைவாக இருந்தாலே போதுமாம். ஒரு சொட்டு நீரிலுள்ள மூலக்கூறுகளை எண்ணி எழுத, ஒன்றுக்குப்பின் 21 சுழியங்கள் இட வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆயினும் ஒளி அவிந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட இயலாது. பாதரசமும் இத்தகைய கொத்துகளை அவிக்கும். குற்றவாளி யார் என்று எப்படித் தெரிவது? இங்கேதான் பொன்பூ கைகொடுக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியைத் தனக்கேயுரிய முறையில் சிதறடிக்கும். 1928இல் சர் சி.வி. இராமன் கண்ட விளைவு இது. நம் மாநிலக் கல்லூரியில் பயின்றவர் அவர். அந்த மெல்லிய சிதறலைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் ஆற்றல், பொன்பூவின் கூரிய இதழ்களுக்கு உண்டு.